எந்த டெஸ்க்டாப் இலேசானது

கடையநல்லூரில் ஒரு குரு இருந்தார். பெயர் ஜெபக்கனி. ஓடாமல் போன பழைய கணினிகளை ஓட வைப்பது அவருடைய தொழில். முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியவர் என்பதால் ஊரில் எல்லாரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

அவருக்கு ஒரே ஒரு சீடர். பெயர் கோமதிநாயகம். குருவைவிடப் பத்தொன்பது வயது மூத்தவர். பஸ் டெப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குரு அவரை அண்ணாச்சி என்பார். சீடர் குருவை டீச்சர் என்பார்.

கடைக்கு வரும் கணினிகளில் புதிய விண்டோஸ் ஏறாது. ஏறினாலும் நகராது. குரு அவற்றில் லினக்ஸ் போட்டுக் கொடுப்பார். லினக்ஸில் ஒரு வசதி உண்டு. திரையில் தெரியும் பட்டை, பட்டியல், ஜன்னல் எல்லாம் சேர்ந்த டெஸ்க்டாப்பை நாமே தேர்ந்தெடுக்கலாம். கனமானதும் உண்டு. இலேசானதும் உண்டு.

சேர்ந்த நாளிலிருந்து சீடர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

“டீச்சர், இருக்கதுலயே இலேசான டெஸ்க்டாப் எது?”

“யாருக்கு?”

“மிஷினுக்குத்தான்.”

குரு ஸ்குரூ டிரைவரைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

பதில் வராததால் சீடர் தானே அளந்தார். ஒரே கணினியில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஆன் செய்து, விளக்கு துடிப்பது அடங்கும்வரை காத்திருந்து, நினைவகத்தில் எவ்வளவு பிடிக்கிறது என்று குறித்தார். மாட்டே என்ற டெஸ்க்டாப் அறுநூறு எம்பி. எக்ஸ்எஃப்சிஇ ஐநூறு. எல்எக்ஸ்க்யூடி நானூறு. டெஸ்க்டாப் எதுவும் இல்லாமல், ஜன்னல்களைத் திறந்து மூட மட்டும் தெரிந்த ஓப்பன்பாக்ஸைப் போட்டபோது இருநூறு.

அன்று சாயங்காலம் சீடர் தன் செலவில் குருவுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

“என்ன விசேஷம், அண்ணாச்சி?”

“ஒண்ணுமில்ல டீச்சர். சும்மாத்தான்.”

அந்த வாரம் ரஹ்மத்து என்ற பெண் தன் கணினியைக் கொண்டுவந்தார். பள்ளிக்கூடங்களுக்குக் கேள்வித்தாள் டைப் செய்து கொடுப்பவர். கணினி பதினைந்து வருடப் பழசு. நினைவகம் இரண்டு ஜிபி.

“இதை நானே தனியா முடிக்கட்டுமா?” என்றார் சீடர்.

“முடிங்க.”

சீடர் ஓப்பன்பாக்ஸ் போட்டார். திரையின் அடியில் பட்டை வைக்கவில்லை. பட்டை இல்லாததால் மணி காட்டும் மூலை இல்லை. மொழி காட்டும் எழுத்து இல்லை. வெறும் திரை, தண்ணீர் ஊற்றிக் கழுவிய தரைபோல இருந்தது. ரஹ்மத்து எடுத்துக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் ஆட்டோவில் வந்து இறங்கினார். கணினிப் பெட்டி அவர் இடுப்பில் இருந்தது.

“அண்ணாச்சி, இதைப் பிடிங்க. எனக்கு என்னோட பழைய நொண்டி விண்டோஸே போதும்.”

“ஏன், ஓடலையா?”

“நல்லா ஓடுது. எனக்குத்தான் அது பின்னால ஓட முடியல.”

“என்ன பிரச்சினைன்னு சொன்னாத்தானே தெரியும்?”

“எதைன்னு சொல்ல? நேத்து அணைக்க வழி தெரியாம சுவிட்சைப் பிடுங்குனேன். டைப் பண்ணுனதுல பாதி போச்சு.” குருவின் பக்கம் திரும்பினார். “டீச்சர், டெப்போக்காரர் கையில வண்டிய விட்டா, சீட்டையெல்லாம் கழட்டிப் போட்டுட்டு எப்படிப் பறக்குது பாருன்னு சொல்லுதார்.”

குரு சிரிக்கவில்லை. “எப்பக் குடுக்கணும்?”

“நாளைக்குக் காலைல. பத்தாம் வகுப்பு அறிவியல். வரலைன்னா பஸ் ஸ்டாண்டு டைப்பிங் கடைக்குக் குடுத்துருவோம்னு ஹெச்எம் சொல்லிட்டாங்க. ஒரு தடவை கை மாறிச்சுன்னா அவ்வளவுதான், பெறகு நமக்கு வராது. எங்க வீடு இந்த ஒரு பள்ளிக்கூடத்துலதான் ஓடுது.”

சீடர் குரலைத் தாழ்த்திக் குருவிடம் சொன்னார். “இருநூறுதான் பிடிக்குது, டீச்சர். இதுக்குக் கீழ யாரும் போட முடியாது. அவங்களுக்குப் பழகல. ரெண்டு வாரம் போனா சரியாயிரும்.”

“நாளைக்குக் காலைல குடுக்கணுமாம்.”



குரு பெட்டியை வாங்கி மேசையில் வைத்து வயர்களைச் செருகினார். தன் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காரு, ரஹ்மத்து. விட்ட இடத்துல இருந்து டைப் பண்ணு. நாங்க இருக்கோம்னு நினைக்காத.” சீடரைப் பார்த்தார். “நீங்க பின்னால நில்லுங்க, அண்ணாச்சி. கையைப் பின்னால கட்டிக்கோங்க. வாயைத் திறக்கப்படாது.”

சீடர் அப்படியே நின்றார்.

ரஹ்மத்து டைப் செய்தார். கேள்வி முதலில் தமிழில். அதற்கு அடியில் அதே கேள்வி ஆங்கிலத்தில். அடுத்த கேள்வி மறுபடி தமிழில். ஒவ்வொரு வரிக்கும் விசைப்பலகையின் மொழியை மாற்ற வேண்டும். மாற்றியதும் அவர் கண் திரையின் வலது கீழ் மூலைக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. ஓர் எழுத்தைத் தட்டிப் பார்த்தார். தப்பான மொழி. அழித்தார். மாற்றினார். தட்டினார். இந்தத் தடவை சரி. அடுத்த வரியில் மறுபடி கண் மூலைக்குப் போனது.

ஒரு பக்கம் முடிவதற்குள் ரஹ்மத்து இரண்டு தடவை முந்தானையால் நெற்றியைத் துடைத்தார். மின்விசிறி அவர் தலைக்கு மேலேதான் சுற்றிக்கொண்டிருந்தது.

“போதும்,” என்றார் குரு. “என்ன பாத்தீங்க, அண்ணாச்சி?”

“மெமரி ஏறவே இல்ல, டீச்சர். மிஷின் எங்கயும் நிக்கல.”

“நான் மிஷினைக் கேக்கல.”

சீடர் திரையின் மூலையைப் பார்த்தார்.

“தமிழ்னா அங்க ‘த’ன்னு ஒண்ணு இருக்கும். நான்தான் எடுத்தேன்.”

“அதையா எடுத்தீங்க?” என்றார் ரஹ்மத்து. “நான் என் கண்ணுலதான் கோளாறுன்னு நினைச்சேன். கண்ணாடியைக்கூட மாத்திப் பாத்தேன்.”

சீடரின் முகம் கறுத்தது. “மாட்டே போட்டுருதேன், டீச்சர். அதுல எல்லாம் இருக்கு. ஒண்ணும் குறையாது.”

“அவ பாக்காத மூலை எல்லாம் எதுக்கு?”

“அப்போ எது?”

“நீங்கதானே பின்னால நின்னீங்க.”

சீடர் விரலை மடக்கினார். “மொழி தெரியணும். அணைக்க ஒரு பட்டன் வேணும். பழைய தாளை எடுக்க ஒரு பட்டியல் வேணும். அடியில ஒரு பட்டை. எக்ஸ்எஃப்சிஇ போதும்.”

“போடுங்க.”

அது இணையத்திலிருந்து இறங்கிக் கணினியில் ஏற முக்கால் மணி நேரம் ஆனது. ரஹ்மத்து அதுவரை ஸ்டூலில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீடர் பட்டையை அடியில் வைத்தார். மணியை எடுத்துவிடலாமா என்று கேட்டார். “அதை எடுத்தா நான் எப்படி வீட்டுக்குப் போறது?” என்றார் ரஹ்மத்து. மணி இருந்தது.

பிறகு ரஹ்மத்து அந்த நாற்காலியிலேயே டைப் செய்தார். மொழியை மாற்றுவார், மூலையைப் பார்ப்பார், தட்டுவார். அழிக்கும் விசைக்கு விரல் எப்போதாவதுதான் போனது. பாதியில் அவருக்குத் தானாகப் பேச்சு வந்தது. அறிவியல் வாத்தியாரின் கையெழுத்தைத் திட்டினார். “இது நியூட்டனா, நீர்மூழ்கியா, நீங்களே சொல்லுங்க,” என்று தாளை நீட்டினார். சீடர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு நியூட்டன்தான் என்றார்.

வெளிச்சம் இருக்கும்போதே தாள் முடிந்தது. ரஹ்மத்து அதைப் பென்டிரைவில் ஏற்றி, இரண்டு தடவை திறந்து பார்த்து, பர்ஸில் வைத்துக்கொண்டார். திரையில் வந்திருந்த பட்டனை அழுத்திக் கணினியை அணைத்தார். “நாளைக்குக் குடுத்துட்டு வந்து பெட்டிய எடுத்துக்கிடுதேன், டீச்சர்,” என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிப் போனார்.

சீடர் கணினியை மறுபடி ஆன் செய்தார். விளக்கு அடங்கும்வரை காத்திருந்தார். அளந்தார்.

“ஐநூறு பிடிக்குது, டீச்சர்.”

“ம்.”

“நான் போட்டப்ப இருநூறு. முன்னூறு குறைச்சது நிஜம். கண்ணால பாத்து அளந்தது. அந்த முன்னூறு எங்க போச்சு?”

குரு வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“எங்கயும் போகல, அண்ணாச்சி. மூணு நாளா அதை ரஹ்மத்து சுமந்தா.”