சடைச்சியின் சண்டைக்காரக் கைகள்

ஒரு காட்டில் ஒரு கரடியின் முதுகில் இன்னொரு கரடி சவாரி போய்க்கொண்டிருந்தது. கீழே நடந்தது சடைச்சி. மேலே உட்கார்ந்திருந்தது அவள் மகன் உருண்டை. பெயருக்கு ஏற்ற உருவம்.

சடைச்சி என்றால் அந்தக் காட்டில் தனி மரியாதை. பின்னங்கால்களில் எழுந்து நின்று இரண்டு கைகளையும் விரித்தாள் என்றால் சிறுத்தையே வழி மாறிப் போகும். ஆனால் போன மழையில் ஒரு மரக்கிளை முறிந்து அவள் இடது தோளில் விழுந்தது. பல நாள் குகையிலேயே படுத்துக் கிடந்தாள். எலும்பு கூடிவிட்டது, பலம் கூடவில்லை. இடது கை நனைந்த வாழைமட்டை போலத் தொங்கியது.

அன்று முதல் எல்லாவற்றுக்கும் வலது கைதான். கறையான் புற்றை இடிப்பது வலது கை. கல்லைப் புரட்டுவது வலது கை. உருண்டையின் காதைத் திருகுவதுகூட வலது கை. இடது கையைத் தூங்குகிற குழந்தை மாதிரி மார்போடு அணைத்தே வைத்திருந்தாள்.

சிறுத்தை தினமும் நலம் விசாரிக்க வந்தது. எட்டத்தில் பாறைமேல் உட்கார்ந்துகொண்டு, வெல்லப்பாகில் தோய்த்த குரலில் கேட்கும்:

"கை எப்படி இருக்கு, தங்கச்சி?"

"இடது கை அப்படியேதான் இருக்கு அண்ணே. வலது கையை வச்சுப் பொழுது ஓடுது."

"அடடா, அது கையா, இரும்பு. அது ஒண்ணே போதும். இடது கையை மட்டும் அசைச்சிடாதே. பாவம், நோயாளி. படுத்தே இருக்கட்டும்."

இப்படிச் சொல்லும்போது சிறுத்தையின் கண் சடைச்சியின் கையில் இல்லை. அவள் முதுகில் இருந்த உருண்டைமேல் இருந்தது. ஒரு கை ஏற்கெனவே படுத்துவிட்டது. இன்னொன்றும் படுத்தால் விருந்து. சிறுத்தைக்கு அவசரமே இல்லை.

மூங்கில் மேலிருந்து இதையெல்லாம் ஒரு கரிச்சான் குருவி கேட்டுக்கொண்டிருந்தது. துடுப்பு மாதிரி வால்; காட்டில் யார் குரலையும் அப்படியே பேசும் தொண்டை. மயில் போல அகவி மயிலையே ஏமாற்றும். மந்தி போல அலறி மான் கூட்டத்தை ஓடவிட்டு, கிளையில் உட்கார்ந்து சிரிக்கும். சடைச்சி புற்றை இடிக்கும்போது சிதறுகிற பூச்சிகள்தான் அதற்குச் சாப்பாடு.

அந்தச் சாப்பாடு இப்போது குறைந்துகொண்டே வந்தது. சடைச்சியின் வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. பாதிப் புற்று இடிப்பதற்குள் கையை உதறி உதறி உட்கார்ந்துவிடுகிறாள்.

கரிச்சான் முதலில் நேராகவே சொல்லிப் பார்த்தது. "அக்கா, அந்த இடது கைக்கும் கொஞ்சம் வேலை குடுங்க."

"ஒரு பிடி இருக்க மாட்டே, எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டியா? அசைக்கவே கூடாதுன்னு சிறுத்தை அண்ணன் சொல்லியிருக்காரு."

நேர்வழி மூடினால் கரிச்சானிடம் குறுக்குவழி இருக்கும்.

மறுநாள் சடைச்சி ஒரு புற்றின் முன் வலது கையை ஓங்கினாள். புதருக்குள் ஒளிந்திருந்த கரிச்சான் தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டது.

"முதலாளியம்மா, நில்லுங்க. உங்க வலது கை பேசுறேன்."

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

"கல்லுக்கும் நான், புற்றுக்கும் நான், பையன் காதுக்கும் நான். அங்க ஒருத்தர் மார்மேல சாய்ஞ்சு தூங்குறார். நான் வீங்கிக் கிடக்கிறது தெரியுதா? இன்னும் ஒரு அடி அடிச்சா நானும் அவர் பக்கத்துல படுத்துக்குவேன். அப்புறம் மூக்கால கல்லைப் புரட்டிக்குங்க."

உடனே இன்னொரு குரல் வந்தது, கொட்டாவியோடு, இழுத்து இழுத்து.

"யாருப்பா அது காலங்காத்தால... நான் இடது கை. தூங்கணும்னு நானா கேட்டேன்? எழுப்ப ஆளில்லை, தூங்குறேன். தூங்கத் தூங்க இன்னும்தான் சோர்வா வருது."

சடைச்சி இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். முதுகில் இருந்த உருண்டைக்குப் புதரில் ஆடும் துடுப்பு வால் தெரிந்துவிட்டது. அவன் அம்மாவின் சடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தான். அம்மாவிடம் காட்டிக்கொடுக்கவில்லை.

"அப்படின்னா எழுந்திரு," என்றாள் சடைச்சி இடது கையிடம். எடுத்த எடுப்பில் புற்றின் உச்சியில் ஓங்கி ஓர் அடி. தோள்வரை சுரீரென்று இழுத்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஐயோ முதலாளியம்மா," என்றது கொட்டாவிக் குரல், தூக்கம் சுத்தமாகக் கலைந்து. "படுத்துக் கிடந்தவனை எழுப்பினதும் மலையைத் தூக்கச் சொல்றதா? இலந்தைப்பழம் பொறுக்கச் சொல்லுங்க. சருகைத் தள்ளச் சொல்லுங்க. வலி வர்றதுக்கு முன்னாடி நிறுத்திடுங்க. நாளைக்கு இன்னும் கொஞ்சம் செய்றேன்."

"என் பங்கையும் சொல்லிடுறேன்," என்றது கரகரப்புக் குரல். "பாதிப் புற்று இடிப்பேன். அப்புறம் நிழல்ல உட்காருவேன். மீதியை அதுக்கப்புறம் பார்த்துக்கலாம்."

"ரெண்டு பேரும் முன்னாடியே கூடிப் பேசி வச்சிருக்கீங்களா?"

"அண்ணன் தம்பி பேசாம இருப்போமா, முதலாளியம்மா?"

அன்று இடது கை ஓர் இலந்தைப்பழத்தை எடுத்தது. எடுத்துக் கீழே போட்டது. மறுநாள் உருண்டைக்கு ஊட்டப் போய் அவன் மூக்கில் இடித்தது. போகப் போகப் பழம் வாய்க்கே போய்ச் சேர்ந்தது. பிறகு சருகு, அதற்குப் பிறகு சின்னக் கல். வலது கையின் வீக்கமும் மெல்ல வற்றியது.

ஒரு நாள் உருண்டையின் காது நன்றாகத் திருகப்பட்டது. அவன் அழவில்லை. "அம்மா, இது இடது கை," என்று குதித்தான்.

கொஞ்ச நாளாக வேறு மலைப்பக்கம் வேட்டைக்குப் போயிருந்த சிறுத்தை, அன்று மத்தியானம் திரும்பி வந்தது. சடைச்சி நிழலில் சாய்ந்திருந்தாள்; உருண்டை அவளை ஒட்டிப் படுத்திருந்தான். இடது கை மார்மேல். வலது கை தரையில், அசையாமல்.

"கை எப்படி இருக்கு, தங்கச்சி?"

"வலது கைக்கு இப்போ ஓய்வு, அண்ணே."

அதுவும் படுத்துவிட்டது என்று சிறுத்தை நினைத்தது. அதற்குமேல் நலம் விசாரிக்கவில்லை. உருண்டையைக் குறிவைத்து, சடைச்சியின் இடதுபக்கமாகப் பாய்ந்தது.

சடைச்சி எழுந்தாள். முதலில் வந்தது இடது கை. பெரிய அடியில்லை, ஆனால் இல்லாத இடத்திலிருந்து வந்த அடி. நேராக மூக்கில் விழுந்தது. சிறுத்தை திகைத்து நின்ற நொடியில், நிழலில் இளைப்பாறி எழுந்த வலது கை வந்தது. சிறுத்தை சரிவில் உருண்டு முள்ளுப் புதருக்குள் போய் விழுந்தது.

மூங்கில் மேலிருந்து வெல்லப்பாகில் தோய்த்த ஒரு குரல் கேட்டது.

"மூக்கு எப்படி இருக்கு, அண்ணாச்சி? அசைச்சிடாதீங்க. பாவம், நோயாளி. படுத்தே இருங்க."

சிறுத்தை படுத்திருக்கவில்லை. அந்தக் காட்டின் எல்லை தாண்டும்வரை திரும்பியும் பார்க்கவில்லை.

சடைச்சி நிமிர்ந்து மூங்கிலைப் பார்த்தாள். "வலது கை, இடது கை, சிறுத்தை... இன்னும் யார் யாரடா குடியிருக்காங்க உன் தொண்டையில?"

கேட்டுக்கொண்டே இடது கையால் ஒரு புற்றின் ஓரத்தைப் பெயர்த்தாள். பூச்சிகள் சிதறிப் பறந்தன. கரிச்சானின் வாய் நிறைந்துவிட்டது. கொஞ்ச நேரத்துக்கு அந்தக் காட்டில் யாருடைய குரலும் கேட்கவில்லை.

நீதி: சோர்ந்த கைக்குச் சிறுகச் சிறுக வேலை கொடு, சோராத கைக்கு அவ்வப்போது ஓய்வு கொடு.