எறும்புகளை வழியனுப்பியவள்

அந்தக் காலத்தில் எறும்புக்கு எதைக் கண்டும் பயம் கிடையாது. நினைத்த வீட்டுக்குள் நுழையும், நினைத்ததைத் தின்னும், ஏனென்று கேட்டால் வாயைத் திறந்து பதிலும் பேசும். மனுசர்களும் பேசித்தான் பார்த்தார்கள். எறும்பிடம் பேசி ஜெயித்தவர் யார்?

பனங்காட்டு ஓரத்தில் ஒரு குடிசை. அதில் பேச்சித்தாய் என்று ஒருத்தி இருந்தாள். புருசன் சுடலைமாடன் பனையிலிருந்து விழுந்து செத்து முப்பது நாள்கூட ஆகவில்லை. கையில் நாலு மாதப் பிள்ளை. துக்கத்தில் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. ஆட்டுப்பாலில் கருப்பட்டியைக் கரைத்துப் புகட்டித்தான் பிள்ளையின் உயிரைப் பிடித்து வைத்திருந்தாள்.

அந்தக் கருப்பட்டி வாசத்துக்குச் செவ்வெறும்பு வந்தது. முதலில் பானைக்கு வந்தது. பிறகு பிள்ளையின் உதட்டுக்கே வந்துவிட்டது.

அவள் செய்து பார்க்காதது இல்லை. சாம்பலைத் தூவினாள், சாம்பல்மேல் நடந்து வந்தன. பானையைத் தண்ணீர்த் தட்டில் வைத்தாள். துரும்பைப் போட்டு ஏறி வந்தன. தொட்டிலை உத்தரத்தில் கட்டினாள். கயிறு வழியாக இறங்கின. பிள்ளைக்கு உதடு வீங்கிப் போய்விட்டது. பாலை உறிஞ்ச முடியவில்லை, அழவும் தெம்பில்லை, முனகிக்கொண்டு கிடந்தது. இன்னும் இரண்டு நாள் இப்படிப் போனால் அப்பன் பக்கத்திலேயே இதற்கும் குழி தோண்ட வேண்டியதுதான். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

எறும்பு வரிசைக்கு முன்னால் போய் விழுந்தாள்.

"ஆத்தா, ஒங்க கால்ல விழுதேன். எனக்குன்னு இருக்கது இது ஒண்ணுதான். இதையும் தின்னுட்டா நான் எதுக்கு உயிரோட இருக்கணும்?"

வரிசைக்குத் தலைமையாக வந்த கிழட்டு எறும்பு நின்றது. அதற்கும் பிள்ளைகள் உண்டு அல்லவா? தொட்டிலை ஒரு பார்வை பார்த்தது.

"சரி தாயி. இனி எந்த வீட்டுக்குள்ளயும் நாங்க கால் வைக்கல. ஆனா எங்களுக்குன்னு ஒரு மொறை இருக்கு. வாசல்ல மஞ்சளைப் பொடிச்சு ஒரு கோடு போடு. நாங்க எல்லாரும் தாண்டினதும் 'போ'ன்னு ஒன் வாயால ஒரு வார்த்தை சொல்லு. வாசல்ல நின்னு என்ன சொல்லுதியோ அதுதான் எங்க வம்சத்துக்கே சட்டம்."

"இம்புட்டுத்தானா ஆத்தா?" என்று ஓடினாள்.

மஞ்சளை இடித்துக் கோடு போட்டாள். சுவரிலிருந்து, கூரையிலிருந்து, பானைக்கு அடியிலிருந்து, முட்டைகளைத் தூக்கிக்கொண்டு எறும்புகள் இறங்கின. உச்சிவெயில் வரை நடந்தன. பிள்ளை முனகலை நிறுத்திவிட்டுத் தூங்கியது. இத்தனை நாளில் அன்றுதான் பேச்சித்தாய்க்கு மூச்சு சீராக வந்தது.

கடைசியாகக் கோட்டைத் தாண்டிய கிழட்டு எறும்பு திரும்பிப் பார்த்து, "அப்ப வாரோம் தாயி," என்றது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சுடலைமாடன் செத்த அன்றைக்குக் காலையில் பேய்க்காற்று. இன்றைக்குப் பனையேற வேண்டாம் என்று இவள் மறித்தாள், அவன் கேட்கவில்லை. வாசலில் நின்று "வாரேன்" என்றவனைப் பார்த்து, "போங்க, எங்க வேணா போங்க!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போனவன் போனவன்தான். அதன்பிறகு அந்தச் சொல் அவள் வாயில் வரவே இல்லை. காக்கையை விரட்டினால்கூட 'போயிட்டு வா' என்றுதான் விரட்டினாள். ஊர் சிரித்தது.

அந்த வாய்தான் இப்போதும் பேசியது.

"போயிட்டு வாங்க ஆத்தா."

நடந்துகொண்டிருந்த வரிசை அப்படியே நின்றது.

"வரச் சொல்லிட்டியே தாயி," என்றது கிழட்டு எறும்பு.

"ஐயோ, வாய் தவறிட்டு! போங்க! போங்க!"

"பெறகு சொன்னது செல்லாது தாயி."

பேச்சித்தாய் மாரில் அடித்துக்கொண்டாள். "அவருக்குச் சொல்ல வேண்டியதை ஒங்களுக்குச் சொல்லிட்டேனே! சொல்ல வேண்டிய நாள்ல சொல்லாத பாவி, இன்னைக்குச் சொல்லிட்டேனே!"

"என்னால ஆனது ஒண்ணுதான். நீ போட்ட மஞ்சள் வாசம் இருக்க மட்டும் நாங்க தாண்ட மாட்டோம். வாசம் போச்சுன்னா வந்துதான் ஆகணும். நீ சொன்ன சொல்லு அப்படி."

பனங்காட்டில் காற்றுக்கா பஞ்சம்? சாயங்காலத்துக்குள் கோடு பறந்துவிட்டது. மறுபடி போட்டாள். மறுநாளும் போட்டாள். மஞ்சள் தீர்ந்தபோது வீடு வீடாகப் போய்க் கையேந்தினாள். பிள்ளை பிழைத்துக்கொண்டான், தவழ்ந்தான், நடந்தான், பெரியவனுமானான். அவளுக்கு மட்டும் அந்தக் கோட்டிலிருந்து ஒருநாள்கூட விடுதலை கிடைக்கவில்லை. அவள் கண்ணை மூடிய அன்றும் விரல் நுனி மஞ்சளாகத்தான் இருந்தது. அன்றும் காற்று அடித்தது, கோடு அழிந்தது, எறும்பு வந்தது.

அன்று முதல்தான் மஞ்சள்பொடியைக் கண்டால் எறும்பு ஒதுங்குகிறது, வாசம் போனதும் திரும்பி வருகிறது. நாமும் அலுத்துப்போய் மறுபடி தூவுகிறோம். ஆனாலும் வாசலில் நின்றுகொண்டு ஒருவரைப் பார்த்து 'போ' என்று சொல்ல நமக்கு இன்றைக்கும் வாய் வருவதில்லை.