பீரங்கியைச் சுற்றிய கம்பி

ராயபுரத்தில் ஒரு மாடி அறையில் மாதிரிக் கப்பல் செய்யக் கற்றுக்கொடுத்தாள் ஷகிலா. அவளிடம் படித்தவர்களில் மூத்தவர் கோதண்டம். வயதில் அவளுக்கு அப்பா மாதிரி. பதற்றத்தில் மட்டும் பரீட்சைக்குப் போகும் பையன்.

மறுநாள் கண்காட்சி. அவரும் மகன் இளம்பரிதியும் சேர்ந்து செய்த ரோந்துக் கப்பல் மேசைமேல் ஏறக்குறைய முடிந்து நின்றது. மகன்தான் இல்லை. பின்தளத்து விமான எதிர்ப்புப் பீரங்கியைச் சுற்றி அவன் வளைத்த கம்பி, கோதண்டம் பார்த்துச் செய்த புகைப்படத்தில் இருப்பதுபோல் இல்லையாம். போன வாரம் எல்லார் முன்னாலும் "உதவாக்கரை" என்றுவிட்டார் மனிதர். அவன் படியிறங்கிப் போனான். அதன்பிறகு இவர் போன் செய்தால் எடுப்பதில்லை.

கோதண்டம் அந்தக் கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, படத்தில் உள்ளபடியே வேறொன்றை வளைத்து வைத்தார். அப்போதும் நிம்மதி வரவில்லை. மற்றப் படங்களைப் பார்த்தால், ஒரே பீரங்கிக்கு, அதைத் தாங்கிச் சுழற்ற ஊர்ப்பட்ட பீடங்கள். ஒன்றில் கவசத் தகடு உண்டு, ஒன்றில் இல்லை. ஒன்றில் இருக்கை இடப்பக்கம், இன்னொன்றில் இரண்டு பக்கமும். கம்பியோ கப்பலுக்குக் கப்பல் ஒரு கோணல்.

"டீச்சர், இதுல எதுதான் சரி? நாளைக்கு எவனாவது குத்தம் சொல்லிட்டா மானமே போயிடும்."

"பரிதி வர்றாரா?"

"அவனை விடுங்க. பீடத்தைச் சொல்லுங்க."

சொல்லும்போதே கண் வாசல் பக்கம் போய் வந்தது. பாவம், எதற்குப் பயப்படுகிறோம் என்று அவருக்கே பிடிபடவில்லை.

இளம்பரிதி வண்ணம் தீட்டியிருந்த அரைவிரல் உயர மாலுமிகளை எடுத்து, கப்பலைச் செலுத்தும் மேடையில் வரிசையாக நிறுத்தினாள் ஷகிலா.

"பீரங்கியைச் சுத்துங்க சார்."

அவர் விரல் நுனியால் பீடத்தைத் திருப்பினார். குழல் கம்பியின்மேல் உரசிக்கொண்டே சுழன்று, மாலுமிகளின் நெஞ்சுக்கு நேராக வந்தது.

கோதண்டம் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"அந்த போட்டோ இந்தக் கப்பலோடதா?" என்று கேட்டாள் ஷகிலா.

"இதே ரகம்தான்... ஆனா வேற கப்பல். அதுல மேடை இவ்ளோ கிட்ட இல்ல."

அவள் கழிவுத் தட்டில் துழாவி, மகன் வளைத்த கம்பியை எடுத்தாள். புதியதைப் பெயர்த்துவிட்டு, பழையதை அந்த இடத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப சுத்துங்க."

அவர் திருப்பினார். மாலுமிகள் இருந்த பக்கம் வந்ததும் கம்பி மேலே ஏறியது. குழலும் அதோடு ஏறி, அவர்கள் தலைக்கு மேலாகக் கடந்து, அந்தப் பக்கம் போய்த் தணிந்தது.

கோதண்டம் இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார். மகன் மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. வெட்கம்தான் மிச்சம்.

"இவ்ளோ நாளா இதைச் சும்மா கைப்பிடிக் கம்பின்னு நெனச்சேன் டீச்சர்," என்றார். "குறி பாத்துச் சுடுறவனுக்கு இது எதுக்கு? சொந்த ஆளையா சுட்டுடப் போறான்?"

"எதிரி எங்கேன்னு பயந்து பயந்து மேல பாத்துக்கிட்டே சுத்துறவனுக்கு, பக்கத்துல நிக்கிறது யாருன்னு தெரியாது சார்."