தூறலில் மூழ்கிய பட்டணம்

கருவளைப்பட்டணத்தைக் கடம்பமாறன் ஆண்டபோது, ஒரு தூறல் ஊரையே மூழ்கடித்தது. வெறும் தூறல்! நீங்கள் நம்பமாட்டீர்கள். அரசனும் நம்பவில்லை.

அது அரண்மனைச் சோதிடர் திருமேனியின் கழுத்துக்கு வந்தது. "நாளைக்கு வெறும் தூறல்தான், யாரும் பயப்பட வேண்டாம்" என்று சபையில் சொன்னவர் அவர். சொன்னபடி தூறல்தான் விழுந்தது. ஆனால் கருவளை ஆறு கரை தாண்டிக் கடைத்தெருவுக்குள் வந்துவிட்டது. அரசியின் பல்லக்கு மீன் சந்தைவரை மிதந்து போனது.

"பொய் சொன்ன சோதிடனின் தலையை வாங்க வேண்டும்," என்றார் தலைமை அமைச்சர் விழுப்பரையர். "சித்திரையில் இடியும் மின்னலுமாகக் கொட்டியதே, ஆறு அசைந்ததா? தூறலுக்கா ஊர் முழுகும்?"

"முழுகும் என்று நாளைக்குள் யாராவது நிரூபியுங்கள். இல்லாவிட்டால் தலை போகும்," என்றான் அரசன்.

எழுந்தவர் சபைப் புலவர் வெண்ணிக்கூத்தர். எல்லோருக்கும் ஆச்சரியம். 'இவருக்குப் பாட்டே வராது' என்று ஜாதகம் பார்த்துச் சொன்னவர் அந்தச் சோதிடர். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சே கிடையாது.

"அரசே, நாளை மதியம் என் வீட்டில் சாப்பிட வாருங்கள். அங்கே நிரூபிக்கிறேன்."

மறுநாள் மேட்டுத்தெருவிலிருந்த புலவர் வீட்டுக்கு அரசன் அமைச்சரோடு வந்தான். நெய்ச்சோறு, புளிக்குழம்பு, கூட்டு, வடை என்று இலையில் விழுந்துகொண்டே இருந்தது. 'போதும்' என்றபோதெல்லாம் புலவரின் மனைவி சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி போட்டாள். அரசன் மெல்ல இடுப்புக் கச்சையைத் தளர்த்தினான்.

"ஒரே ஒரு கரண்டி பாயசம், அரசே," என்றார் புலவர்.

"ஐயோ, மிளகு வைக்கக்கூட இடமில்லை!"

"காலையிலிருந்து கிண்டியிருக்கிறாள். மனசு நோகும்."

அரசன் குடித்தான். அடுத்த நொடி வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினான்.

முகம் வெளிறித் திரும்பியவனிடம் புலவர் பணிவாகக் கேட்டார்: "குற்றவாளி இந்தப் பாயசம்தான், அரசே. தண்டித்துவிடலாமா?"

"பாயசம் என்ன செய்யும்? அதற்கு முன்னால் நீர் போட்டதையெல்லாம்..." அரசன் பாதியில் நிறுத்தினான்.

"அதேதான், அரசே. தூறலுக்கு முன்னால் ஒரு வாரம் அடைமழை. மண்ணும் குளமும் தொண்டைவரை குடித்துவிட்டன. சித்திரையில் நிலம் பசியோடு இருந்தது. வந்ததையெல்லாம் விழுங்கிவிட்டது."

அமைச்சர் சும்மா இருக்கவில்லை. "அரசரின் தந்தையார் காலத்திலும்தான் அடைமழை பெய்தது. அப்போது ஊர் முழுகவில்லையே!"

"உண்மை. அப்போது மிச்சத் தண்ணீர் அல்லியேரியில் போய்த் தங்கும்."

"அல்லியேரியா? அது எங்கே இருக்கிறது?" என்றான் அரசன்.

புலவரின் மனைவிதான் சொன்னாள்: "அமைச்சர் ஐயாவின் புது மாளிகைக்குக் கீழே இருக்கிறது, மகாராஜா."

விழுப்பரையர் அப்பளம் நொறுக்குவதில் மும்முரமானார். அரசன் முதலில் முறைத்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலியோடு சிரித்தான்.

சோதிடருக்கு விடுதலை கிடைத்தது. அவர் நன்றியெல்லாம் சொல்லவில்லை. "இன்று உமக்கு நல்ல நேரம்" என்று புலவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"புலவரே, என்ன பரிசு வேண்டும்?" என்றான் அரசன்.

"அமைச்சரின் மாளிகை, அரசே."

"அவ்வளவு பெரிய வீட்டில் நீங்கள் இரண்டு பேரும் என்ன செய்யப்போகிறீர்கள்?"

"நாங்கள் குடிபோகவில்லை, அரசே. அங்கே முன்பு குடியிருந்த தண்ணீர் பாவம், தெருவில் நிற்கிறது. அதை உள்ளே கூப்பிடத்தான்."