திருவேங்கடம் சார் கண்ட வித்தியாசம்

கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் கம்பெனி, கேளுங்கள். கணினியில் ஓடும் சேவைகளைத் தொடங்கவும் நிறுத்தவும் ஒரு புரோகிராம் செய்திருந்தார்கள். ஒரு சேவைக்கு எவ்வளவு மெமரி, எவ்வளவு நேரம் என்று அதில் நாற்பத்திரண்டு அமைப்புகள். ஒவ்வொன்றையும் சரிபார்க்கத் தனித்தனி நிரல். அத்தனையும் தலைமைப் பொறியாளர் திருவேங்கடம் எழுதியது.

பெயரைத் தவிர எல்லாம் ஒன்றுதான் என்று, ஒப்பந்த ஊழியர் செண்பகம் அத்தனையையும் ஒரே நிரலாக்கி, பக்கத்தில் அமைப்புகளின் பெயர்ப் பட்டியல் ஒன்றை வைத்துவிட்டாள்.

வந்ததே கோபம் அவருக்கு! "ஒவ்வொண்ணுலயும் ஒரு நுணுக்கம் இருக்கும்மா! இல்லைன்னு மீட்டிங்குல நிரூபி. முடியலைன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

மீட்டிங்கில் செண்பகம், நிரல் அச்சடித்து பெயரை மட்டும் மறைத்த இரண்டு தாள்களை, கைக்கு ஒன்றாக நீட்டினாள். "இதுல எது மெமரி, எது நேரமுங்க சார்?"

"எழுதினவனையே கேக்கறியா? உன் இடது கையில இருக்கிறது மெமரி, என்ன கறார் பாரு! வலது கையில நேரம், என்ன நிதானம்!"

"ரெண்டுமே மெமரிதானுங்க சார். ஒரே தாளை ரெண்டு தடவை ஜெராக்ஸ் போட்டேன்."

அறையே சிரிப்பில் அதிர்ந்தது. "இது மோசடி!" என்று எகிறினார் அவர்.

"சரிங்க சார். நிஜமான நாற்பத்திரண்டும் இதோ, பெயரை மறைச்சு வச்சிருக்கேன். எது எதுன்னு சொல்லிட்டீங்கன்னா, நானே கிளம்பிடறேன்."

அவள் நீட்டிய தாள் கட்டைப் புரட்டினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி புரட்டினார். கடைசியில் தொண்டையைச் செருமி, மெல்லச் சொன்னார்:

"அந்தப் பெயர்ப் பட்டியலைக் கொஞ்சம் காட்டும்மா."