பின்னால் போகாத கார்

வெண்ணாவூர் மகாராஜா கண்டீரவரிடம் ஒரு கார் இருந்தது. அதில் ரிவர்ஸ் கியரை மட்டும் யாரும் தொடக்கூடாது. காரணம் அவருடைய பாட்டனார். அந்தப் புண்ணியவான் ஒரு போரில், குதிரையைத் திருப்பக்கூட நேரமில்லாமல், பின்பக்கமாகவே நடத்திக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தவர். வந்த கையோடு ஒரு சட்டம் போட்டார். வெண்ணாவூர் ராஜாவோ அவருடைய வாகனமோ இனி ஓர் அடிகூடப் பின்னால் போகக் கூடாது. சட்டம் கார் காலத்திலும் செல்லுபடியானது. ஷெட்டுக்குள் போன கார் வெளியே வர வேண்டுமே என்று பின்சுவரை இடித்து இன்னொரு கதவு வைத்தார்கள்.

ராஜாவுக்கு யாரும் முதுகைக் காட்டக் கூடாது என்பது அங்கே இன்னொரு வழக்கம். விடைபெறுகிறவர் குனிந்தபடி பின்னாலேயே நடந்து போக வேண்டும். இதில் திவான் அம்பலவாணர் கைதேர்ந்தவர். படி, தூண், படுத்திருக்கும் பூனை எதையும் திரும்பிப் பார்க்காமல் தாண்டிவிடுவார்.

அரண்மனை ஆலோசகர் மருதாசலத்துக்கு வாய் சும்மா இருக்காது. டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசர் குழாய் தரையில் கிடந்து கார்ச் சக்கரத்தில் மிதிபடுவதைப் பார்த்து, ஒருநாள் ராஜாவிடம் சொன்னார்.

"மகாராஜா, சுவத்துல ஒரு ஏர் ஹோஸ் ரீல் மாட்டிடலாம். இழுத்தா குழாய் வரும், விட்டா தானே சுருட்டிக்கும். ஆனா குழாய் நீளமா இருக்கணும்."

"நீளமா இருந்தா விலையும் நீளுமே" என்றார் ராஜா.

திவான் முந்திக்கொண்டார். "காத்து எப்படியும் போயிடப் போகுது மகாராஜா. அதுக்கு எதுக்கு நீளம்?"

ராஜாவுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. திவானே கடைவீதிக்குப் போய், இருப்பதிலேயே மலிவான ரீலை வாங்கி வந்தார். அதோடு நிற்காமல், கைப்பம்பு, ஜாக்கி, ஸ்டெப்னி மூன்றையும் கடைக்காரனிடம் எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டு வந்தார்.

"முதல்ல குழாயைச் சக்கரம் வரைக்கும் இழுத்துப் பார்த்து, அப்புறம் சுவத்துல குறி போடுங்க" என்று கெஞ்சினார் மருதாசலம்.

"வாசலை ஒட்டி மாட்டினாத்தான் ரோட்டுல போறவன் பார்ப்பான்" என்றார் திவான்.

அந்த நியாயம் ராஜாவுக்குப் பிடித்திருந்தது. போல்ட்டுகளைச் சிமெண்டுக்குள் புதைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலையும் போட்டார்கள். இனி ரீலைக் கழற்றவேண்டுமென்றால் சுவரையே பெயர்க்க வேண்டும்.

அடுத்த வாரம் பக்கத்து நாட்டு ராஜா ரயிலில் வருவதாகச் செய்தி வந்தது. அவரை அழைத்துவர வேண்டிய நாளன்று காலையில் பார்த்தால், ஷெட்டுக்குள் நின்ற காரின் முன்சக்கரம் ஒன்று காற்றில்லாமல் தொய்ந்து கிடந்தது. டிரைவர் சிக்கந்தர் குழாயை இழுத்தார். வாசல் பக்கம் இருந்த பின்சக்கரங்களைத் தாண்டி வந்த குழாய், முன்சக்கரத்துக்கு ஒன்றரை முழம் முன்னால் நின்றுவிட்டது. இன்னும் பலமாக இழுத்தார். அது கையிலிருந்து நழுவி விர்ரென்று திரும்பி ஓடியது. போகிற போக்கில் திவானின் தலைப்பாகையையும் தட்டிவிட்டது.

"காரை ரெண்டு முழம் பின்னால எடுத்தா போதும்" என்று முணுமுணுத்தார் சிக்கந்தர்.

"எடுத்தா உன்னைச் சிறையில தள்ளுவேன்" என்றார் ராஜா. "இப்படியே பின்கதவு வழியா சுத்திட்டு வந்து, வாசல் பக்கமா நிறுத்தினா?"

"டயர் கிழிஞ்சுடும் மகாராஜா. புதுசு வாங்கணும்."

ராஜாவுக்கு வியர்த்தது. திவான் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டே சொன்னார். "ரீல் யோசனையே மருதாசலத்தோடது. அவரே காத்து அடிச்சுக் காட்டட்டும்."

"ஆமாம்!" என்றார் ராஜா. "மருதாசலம், ரயில் வர்றதுக்குள்ள டயர்ல காத்து இருக்கணும். நான் மாட்டு வண்டியில போய் அந்த ராஜா முன்னாடி நின்னேன்னா, உமக்கு இங்கே உத்தியோகம் கிடையாது. திவான், ரயில் எங்கே வருதுன்னு விசாரிச்சுட்டு வாரும்."

மருதாசலம் சக்கரத்தையும் ரீலையும் மாறி மாறிப் பார்த்தார். அதே நேரம் திவான் கும்பிட்டபடி, காலால் வாசல்படியைத் துழாவிக்கொண்டு பின்னாலேயே வெளியே போனார். அதைப் பார்த்ததும் மருதாசலத்தின் முகம் மலர்ந்துவிட்டது.

"மகாராஜா, உள்ளே வந்து காருக்கு முன்னால இந்த நாற்காலியில உட்காருங்க."

ராஜா கார் மூக்குக்கு நேராக, பின்கதவை ஒட்டி உட்கார்ந்தார்.

"இந்தக் கார் உங்க சேவகன்தானே?"

"சந்தேகமென்ன? சம்பளம் கேட்காத ஒரே சேவகன்."

"சிக்கந்தர்! இந்தச் சேவகன் மகாராஜாவைத் தரிசனம் பண்ணியாச்சு. விடைவாங்கிக்கிட்டு வாசல் பக்கமாப் போகட்டும். முதுகைக் காட்டிடாதே, ஜாக்கிரதை!"

சிக்கந்தர் ஒரு கணம் விழித்தார். பிறகு புரிந்துகொண்டு கியரைப் போட்டார். கார் ராஜாவைப் பார்த்தபடியே பவ்யமாகப் பின்னால் நகர்ந்தது. முன்சக்கரம் குழாய்க்கு எட்டும் தூரத்தில் வந்து நின்றது.

திரும்பி வந்த திவான் அலறினார். "ஐயோ, கார் பின்வாங்குது! சட்டம் போச்சு!"

"திவான் அவர்களே, இப்பத்தான் நீங்களும் இதே வாசல்ல இப்படியேதான் போனீங்க" என்றார் மருதாசலம். "நீங்க பண்ணினது பின்வாங்கலா, மரியாதையா? மகாராஜா முன்னாடியே சொல்லிடுங்க."

திவான் தலைப்பாகையைத் தடவிக்கொண்டார். "மரியாதைதான்" என்றார் கடைசியில்.

"அந்த மரியாதை காருக்கு மட்டும் தெரியக்கூடாதா?"

ராஜா நாற்காலி ஆட ஆடச் சிரித்தார். அதற்குள் சிக்கந்தர் காற்று அடித்து முடித்துவிட்டார்.

"பலே மருதாசலம்! என்ன வேணும், கேளும்! கிராமமா? யானையா?"

"அதெல்லாம் எதுக்கு மகாராஜா? இந்த ரீலுக்கு இன்னும் ரெண்டு முழம் நீளமா ஒரு குழாய் வாங்கிக் குடுங்க, போதும்."

சிரிப்பு சட்டென்று நின்றது. ராஜா மெல்ல எழுந்தார். "ரயிலுக்கு நேரமாச்சே" என்றார். மருதாசலம் இன்னொரு தரம் கேட்டுவிடுவாரோ என்று அவர் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாகப் பின்கதவு வழியே பின்னாலேயே வெளியேறினார்.

சிக்கந்தர் வாயைப் பிளந்தார். "ஐயா, இதுவும் மரியாதைதானா?"

"இல்லப்பா" என்றார் மருதாசலம். "இது பாட்டனார் வழி."