ஓரகத்தி சொன்ன மூன்று யோசனை

ஒரு புதிர் போடப் போகிறேன். விடை கடைசியில் இருக்கிறது. பாதியிலேயே அங்கே எட்டிப் பார்க்கிறவர்களோடு நான் பேசுவதாக இல்லை, இப்போதே சொல்லிவிட்டேன்.

விருதுநகரில் ஒரு கூட்டுக் குடும்பம். மூத்த மருமகள் பொற்கொடி, இளைய மருமகள் ரோகிணி. அந்த வீட்டில் அடுப்பு பொது, டிவி பொது, பீரோ சாவிகூடப் பொது. பொற்கொடிக்கென்று சொந்தமாக இருந்தது ஒன்றே ஒன்று, 'தாள் வாசம்' என்ற அவளுடைய புத்தக வலைப்பூ. பதிப்பகங்கள் புதுப் புத்தகங்களை அனுப்பி வைக்கும். படித்துவிட்டு நல்லதாக நாலு வார்த்தை எழுதுவாள். கமெண்ட் போடுகிறவர்களுக்குப் பதில் போடும் பழக்கமெல்லாம் கிடையாது. கூரியர்காரர் வாசலில் நின்று "பொற்கொடி மேடம்!" என்று கூப்பிடும்போதுதான் அந்த வீட்டில் அவள் பெயரே காதில் விழும். மற்ற நேரமெல்லாம் அவள் 'பெரியவள்'தான்.

ஒருநாள் ரோகிணி பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, உங்க பதிவு எல்லாத்தையும் முதல்ல இருந்து படிச்சு முடிச்சிட்டேன். நானும் ஒரு வலைப்பூ ஆரம்பிக்கட்டுமா? புதுசா வர்றவளுக்கு என்ன சொல்வீங்க?"

பொற்கொடிக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? இவள் வந்த நாளிலிருந்து மாமியாரின் சிரிப்பும் மாமனாரின் செல்லமும் இவள் பக்கம் போயாயிற்று. மிச்சம் இருந்தது இது ஒன்று, இதற்கும் வந்துவிட்டாளே! ஆனாலும் முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு, இவள் விளங்காமல் போகட்டுமென்றே மெனக்கெட்டு மூன்று யோசனை சொன்னாள்.

"புதுப் புத்தகம் பக்கமே போகாதே. லைப்ரரியில யாரும் தொடாம தூசி படிஞ்சு கிடக்கிறதை எடுத்து எழுது. அப்புறம், நல்லா இருக்குன்னு எழுதாதே. எந்தப் பக்கத்துல கொட்டாவி வந்துச்சு, எங்க மூடி வெச்சேன்னு எழுது. எவன் என்ன கமெண்ட் போட்டாலும், திட்டினாலும்கூட, உட்கார்ந்து பதில் எழுது."

ரோகிணி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் வலைப்பூவுக்கு 'இங்கேதான் மூடினேன்' என்று பெயர் வைத்தாள். பொற்கொடிக்கு மனசு குளிர்ந்து போயிற்று. உருப்பட்ட மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தக் குளிர்ச்சி நிலைக்கவில்லை. நெல் வியாபாரிகளைப் பற்றிய ஒரு தடித்த நாவலை எடுத்த ரோகிணி, கல்யாணப் பந்தி வருணனையில் தூக்கம் வந்து மூடிவிட்டேன் என்று எழுதினாள். "எனக்கும் அங்கேதான் தூங்கிப்போச்சு!" என்று ஒருவர் வந்தார். "நாலு பக்கம் தள்ளிப் படிச்சுப் பாரும்மா, அப்புறம் பேசு" என்று இன்னொருவர் சண்டைக்கு வந்தார். அவருக்கும் மரியாதையாகப் பதில் போட்டு, நாலு பக்கம் தள்ளிப் படித்து, "நீங்க சொன்னது சரி, பந்தியில அந்தக் கிழவர் எழுந்து நின்ன இடத்துல அழுதுட்டேன்" என்று மறுபடி எழுதினாள். அவ்வளவுதான், கூட்டம் கூடிவிட்டது. தூசி படிந்த புத்தகங்களுக்கு லைப்ரரியில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

பதிப்பகங்கள் இப்போது ரோகிணிக்கும் புதுப் புத்தகம் அனுப்பின. அவள் அவற்றைப் பிரிக்காமலே கொண்டுபோய்ப் பொற்கொடியின் மேஜையில் வைத்தாள்.

"இது உங்களுக்குத்தான்க்கா."

"பாத்தீங்களா திமிரை! எனக்குப் பிச்சை போடுறா" என்று பொற்கொடி கணவனிடம் பொருமினாள். அவர் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

அந்த வருஷம் ஊர்ப் புத்தகக் கண்காட்சியில், புதிதாக வலைப்பூ தொடங்குகிறவர்களுக்கு நாலு வார்த்தை சொல்ல ரோகிணியை அழைத்தார்கள். மூத்தவள் இங்கே குத்துக்கல்லாக இருக்க, நேற்று வந்தவளுக்கு மேடை! பொற்கொடி முன்வரிசையில் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ரோகிணி மைக்கைப் பிடித்தாள். "எனக்குச் சொந்த யோசனை ஒண்ணும் கிடையாதுங்க. எல்லாம் எங்க அக்கா சொன்னது" என்றாள். இறங்கி வந்து கையைப் பிடித்து மேடைக்கு அழைத்துப்போய், தனக்குப் போட்ட பொன்னாடையை அக்காவின் தோளில் போட்டாள். கைதட்டல் காதைப் பிளந்தது.

பொற்கொடிக்கு அந்தச் சால்வை நெருப்பாகச் சுட்டது. பொறுக்க முடியாமல் மைக்கை வாங்கி உண்மையைப் போட்டு உடைத்தாள். "நான் நல்ல மனசோட சொல்லலைங்க. இவ உருப்படக் கூடாதுன்னுதான் சொன்னேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. என்ன தன்னடக்கம், என்ன நகைச்சுவை என்று இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். ரோகிணி மட்டும் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் ரோகிணி மெதுவாகச் சொன்னாள். "எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா செஞ்சே? ஏன்டி?"

ரோகிணி அக்காவின் தோளிலிருந்து நழுவிய சால்வையைச் சரிசெய்துவிட்டு வெளியே பார்க்க ஆரம்பித்தாள்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். கெடுக்கச் சொன்ன யோசனை என்று தெரிந்தும், ரோகிணி ஏன் அதன்படியே நடந்தாள்?

விடை: அக்காவின் பதிவுகளை ஒன்றுவிடாமல் படித்துவிட்டுத்தான் அவள் யோசனை கேட்க வந்தாள். சொன்ன மூன்றில் ஒன்றைக்கூட அக்கா செய்வதில்லை என்பது அவளுக்குத் தெரியாதா? பொறாமையில் பொற்கொடி தன் வழியை மறைத்துவிட்டு, தான் கால் வைக்காத இடத்தைக் காட்டிவிட்டாள். ரோகிணி தேடி வந்ததும் அந்த இடத்தைத்தான். அந்த வீட்டில் அக்காவுக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று. அதில் பங்குக்குப் போகாமல் எழுத அவளுக்கு ஒரு மூலை வேண்டியிருந்தது. புதுப் புத்தகங்களைப் பிரிக்காமல் கொண்டுபோய் வைத்ததும் அதனால்தான். சரி, பொற்கொடியின் பொறாமை தீர்ந்ததா என்கிறீர்களா? அதெங்கே தீரும்! முன்பெல்லாம் ரோகிணியின் வலைப்பூவைப் பார்த்து வயிறு எரிந்தது. இப்போது அவள் மனசைப் பார்த்து எரிகிறது.